ஏலத்துக்குப் போன அலைப்போர்வை

சேரப்பணஞ்சேரி
3.2.2025

புஷ்பத்துக்கு,

லாசர் எழுதுகிறேன். யாரையும் பக்கத்தில் உட்காரவைத்து எழுதச் சொல்லவில்லை. இது என் கை.

நீ குன்னூருக்குப் போனதிலிருந்து போனுக்கு வரமாட்டேன் என்கிறாய். ஜெர்சிதான் எடுக்கிறாள். "அம்மா குளிக்கிறாங்கப்பா" என்கிறாள். காலையில் கூப்பிட்டாலும் குளிக்கிறாய், சாயங்காலம் கூப்பிட்டாலும் குளிக்கிறாய். அந்தக் குளிரில் இவ்வளவு குளித்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? அதனால்தான் கடிதம்.

நம் கோயில் கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித்தருகிறார்கள். நீ ஊரைவிட்டுப் போன அதே வாரம் சேர்ந்துவிட்டேன். விஜயலக்ஷ்மி டீச்சர் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறார். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். பத்துப் பேர் சேர்ந்தோம், அதில் ஆம்பளை நான் ஒருத்தன்தான். முதலில் ஒன்றும் ஏறவில்லை. பிறகு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். ஞானப்பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம் அல்லவா? பாட்டுப் புத்தகத்தை விரித்து, பாடிக்கொண்டே விரலை நகர்த்தினேன். பல நாள் வாய் ஓரிடத்தில் நின்றது, விரல் ஓரிடத்தில் நின்றது. ஒரு நாள் இரண்டும் ஒன்றாகப் போய் ஒரே இடத்தில் நின்றன. நான் எழுந்து நின்றுவிட்டேன். "என்ன ஆச்சு, எறும்பு கடிச்சுடுத்தா?" என்றார் டீச்சர்.

இப்போது தெருவில் நடக்க நேரமாகிறது. எல்லாவற்றையும் படிக்கவேண்டியிருக்கிறது. எதிர் வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறதே, இத்தனை வருஷமாக அதை வேத வசனம் என்று நினைத்து மரியாதையாகப் பார்த்துக்கொண்டு போவேன். 'ரூம் வாடகைக்கு, கம்பெனி பேச்சிலர் மட்டும்' என்று எழுதியிருக்கிறது.

கோயிலில் காணிக்கைகளை ஏலம் போடுகிற அறுப்புப் பண்டிகை அன்று காலையில் வாசலில் நீ இரண்டு பை வைத்துவிட்டுப் போனாய். இரண்டிலும் சீட்டு எழுதி ஊசி குத்தியிருந்தாய். நான் கனமில்லாத பையைக் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். மற்ற பை இன்னும் இங்கேதான் இருக்கிறது. நேற்று அந்தச் சீட்டைப் படித்தேன். 'ஏலத்துக்கு' என்று இருக்கிறது. உள்ளே பூசணிக்காய்.

நல்ல எழுத்து உன்னுடையது. அழகாக வளைத்து எழுதுகிறாய். இதுவும் எனக்கு இவ்வளவு நாள் தெரியாது.

இந்தக் கடிதம் எழுத மூன்று சாயங்காலம் ஆனது. கை வலிக்கிறது. சந்தோஷமாக வலிக்கிறது.

லாசர்


குன்னூர்
12.2.2025

ஜெர்சி அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. யாரை வைத்து எழுதினீர்கள்? டீச்சரம்மாவா, கோயிலில் ஏலம் கூறுகிற அப்பாவு மகளா?

உங்களுக்கு எழுத்து வரும் என்றால், கல்யாணமான புதிதில் சிமெண்டுத் தரையில் சாக்குக்கட்டியால் நான் எழுதிக் காட்டியபோது வந்திருக்கவேண்டும். அன்று பாய்கூட விரிக்காமல் அதன்மேலேயே படுத்துக்கொண்டீர்கள். காலையில் முதுகெல்லாம் 'அ' ஒட்டியிருந்தது. அதோடு நான் விட்டுவிட்டேன்.

உங்கள் கைதான் என்றால் ஒன்று செய்யுங்கள். நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயத்தை எழுதுங்கள். இன்னொருவரிடம் சொல்லி எழுதவைக்க நீங்கள் வெட்கப்படுகிற விஷயமாக இருக்கட்டும்.

பை மாறியதற்காக நான் கோபித்துக்கொண்டு வந்ததாக ஊரில் சொல்கிறீர்களாம். பை மாறும். அது எனக்குத் தெரியாதா? நான் அன்று சமையல் பந்தலில் பண்டிகை விருந்துக்கு அசனச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். கைதட்டுகிற சத்தம் கேட்டுக் கரண்டியோடு வெளியே வந்தேன். நான் ஜெர்சிக்குப் பிறக்கப்போகிற பிள்ளைக்குப் போட்டு, குன்னூருக்கு அனுப்பக் கட்டிவைத்த அலைப்போர்வையின் ஒரு முனையை அப்பாவு பிடித்திருக்கிறார், மறுமுனையை நீங்கள் பிடித்திருக்கிறீர்கள். ஏலம் போகிறது. "என் வூட்டுக்காரி போட்டது, அலை எப்படி ஓடுது பாத்துக்கோ" என்று கூட்டத்துக்கு ஆட்டிக் காட்டுகிறீர்கள். நானே மனசார ஏலத்துக்குக் கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டீர்கள். முகத்தில் அவ்வளவு பெருமை. அந்த முகத்தைப் பார்த்து என்னால் வாய் திறக்க முடியவில்லை. என் அப்பா உபதேசியார். ஆலயத்துக்குப் போனதைத் திருப்பிக் கேட்டு எங்கள் வீட்டில் பழக்கமில்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன். அப்போது சொன்னீர்களே, "ஒரு போர்வைதானே, வேற போட்டுக்கோ" என்று. அதற்குத்தான் நான் இங்கே இருக்கிறேன்.

அந்தப் போர்வை எதில் போட்டது என்று ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும். நீங்கள் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பழைய கையுறைகளைப் பிரித்த நூல். கடைசி வரிகள் ஜெர்சி முதன்முதலாகக் கம்பெனி வேலைக்குப் போனபோது லைனில் போட்டிருந்த கையுறை. அவளுக்கே தெரியாமல் இத்தனை வருஷம் எடுத்து வைத்திருந்தேன். பிள்ளையின் முகம் படுகிற பக்கத்தில் அது வரட்டும் என்று கடைசியாகப் பின்னினேன். அதை வேறு எங்கிருந்து போட்டுக்கொள்வது?

ஜெர்சி நன்றாக இருக்கிறாள். மார்ச் நடுவில் என்று டாக்டர் சொல்கிறார்.

அன்னபுஷ்பம்


சேரப்பணஞ்சேரி
20.2.2025

புஷ்பத்துக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். ஒரு வரி படித்து, கொஞ்சம் உட்கார்ந்து, அடுத்த வரி. உன் குரலிலேயே கேட்டது. திட்டுகிற இடத்தில் இன்னும் நன்றாகக் கேட்டது.

நீ கேட்ட விஷயம். கல்யாணமாகி ஒரு மாதம்கூட இருக்காது. வாலாஜாபாத் பக்கம் உன் சித்தி வீட்டுக்குச் சைக்கிளில் உன்னைப் பின்னால் வைத்துக்கொண்டு போனேன். ரோடு இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு போர்டு இருந்தது. கேட்க ஆளும் இல்லை. உன் முன்னால் கேட்க மனசும் இல்லை. இடது பக்கம் திருப்பினேன். மத்தியானம்வரை மிதித்தேன், ஒரு ஏரிக்கரையில் போய் நின்றது. உனக்கு ஏரியைக் காட்டத்தான் சுற்றி வந்தேன் என்று சொன்னேன். நீ இறங்கிப் பார்த்துவிட்டு, ஏரி நன்றாக இருக்கிறது என்றாய்.

ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

இதை அப்பாவு மகளிடம் சொல்லி எழுதவைப்பேனா?

நீ கையுறையைப் பற்றி எழுதியதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. ஒரகடத்தில் கம்பெனிகள் வந்த புதிது. நான் ஹவுஸ்கீப்பிங்கில் இருந்தேன். எண்ணெய் பிடித்த கையுறைகளை மூட்டையாகக் கட்டி வெளியே போடுவார்கள். சூப்பர்வைசர் புருஷோத்தமனிடம் கேட்டேன். "இன்னாத்துக்கு லாசரு, உனக்கு எத்தினி கை கீது?" என்று சிரித்துவிட்டு கேட் பாஸ் போட்டுக் கொடுத்தார். சைக்கிளில் கொண்டுவந்து போடுவேன். நீ சோடா உப்புப் போட்டு அண்டாவில் அவிப்பாய். வீடெல்லாம் கம்பெனி வாசனை வரும். பிறகு விரல் நுனியைக் கத்தரித்து இழுத்தால் ஒரே இழையாக ஓடி வரும். ஐந்து விரலும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். அதைப் பார்க்கவே நான் உன் பக்கத்தில் உட்காருவேன். நீ குரோஷா ஊசியால் பின்னிக்கொண்டிருப்பாய், நான் பிரித்துக்கொண்டிருப்பேன், ரேடியோ பாடும், ஜெர்சி நம் நடுவில் படுத்துப் பாடம் படிப்பாள். எண்ணெய் போகாத நூல் சாம்பல் நிறம், போன நூல் வெள்ளை. அலை ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். அந்த நாளெல்லாம் எனக்குக் கண்ணுக்குள் இருக்கிறது. அது ஒரு போர்வை இல்லை என்று எனக்கும் தெரியும் புஷ்பம். அன்று வாய்க்கு முதலில் வந்ததைச் சொன்னேன்.

ஏலம் எடுத்தது யார் என்று அப்பாவுவிடம் விசாரித்தேன். "தளவாய்னு ஒரு தெக்கத்திப் பையன். இருங்காட்டுக்கோட்டைல ரூம் எடுத்துகினு கீறான். அசனச் சோத்துக்கு ஃபிரண்டு கூட வந்தான், போர்வையப் பாத்துட்டு வுடல" என்றார். நம் தெரு மாரி தன் ஆட்டோவில் கூட்டிப்போகிறேன் என்கிறான். போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

லாசர்


குன்னூர்
1.3.2025

ஜெர்சி அப்பாவுக்கு,

எழுத்து உங்களுடையதுதான். நம்பிவிட்டேன்.

ஏரி வற்றிக் கிடந்தது அன்றைக்கே எனக்குத் தெரியாதா? கண் இருக்கிறதே. போர்டில் 'வாலாஜாபாத்' வலது பக்கம் காட்டியதையும் பார்த்தேன். புது மாப்பிள்ளை இவ்வளவு தைரியமாக இடது பக்கம் திருப்புகிறாரே, வேறு வழி தெரிந்திருக்கும் என்று பேசாமல் இருந்தேன்.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். இரண்டு தடவை படியுங்கள். அந்தப் பையனிடம் போய்ப் போர்வையைக் கேட்கக் கூடாது. அவன் ஆலயத்துக்குக் கொடுத்து எடுத்தது. கேட்டீர்கள் என்று தெரிந்தால் நான் குன்னூரிலேயே இருந்துகொள்வேன். ஞானஸ்நானத்துக்கும் நீங்கள் வரவேண்டாம்.

இங்கே கடைத்தெருவில் விதவிதமாகக் கம்பளி நூல் இருக்கிறது. நம் மாப்பிள்ளை ஃபிரடி தேயிலைக் கம்பெனியிலிருந்து வரும்போது ரோஜா நிறத்தில் ஒரு கட்டு வாங்கிவந்தார். நல்ல பிள்ளை. ஊசியை எடுத்தேன், நாலு கண்ணி போட்டேன், வைத்துவிட்டேன். வழவழவென்று இருக்கிறது. கை போகவில்லை.

அன்னபுஷ்பம்


சேரப்பணஞ்சேரி
10.3.2025

புஷ்பத்துக்கு,

இரண்டு தடவை படித்தேன். ஆனால் உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே போய்விட்டு வந்துவிட்டேன். பயப்படாதே, நான் கேட்கவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆட்டோவில் நான் ஒவ்வொரு போர்டாகப் படித்துக்கொண்டே போனேன். மாரிக்குப் பொறுக்கவில்லை. "இன்னா பெரிசு, வண்டில வர்றியா, பரிச்ச எழுதுறியா?" என்றான். இருங்காட்டுக்கோட்டையில் அந்த ரூமைக் கண்டுபிடித்தது நான்தான். கதவில் 'செருப்பை வெளியே விடவும்' என்று ஒட்டியிருந்ததை அவன் பார்க்காமல் செருப்போடு நுழையப் போனான். நிறுத்தினேன்.

ரூமில் நாலு பையன்கள். கட்டில் இரண்டுதான். இரண்டு பேர் வேலைக்குப் போனால் மற்ற இரண்டு பேர் வந்து அதே கட்டிலில் படுக்கிறார்கள். உன் போர்வை ஒரு கட்டிலில் இருந்தது. ஒருவன் எழுந்து போகிறான், அவன் விட்ட சூடு ஆறுவதற்குள் இன்னொருவன் வந்து அதையே இழுத்துப் போர்த்திக்கொள்கிறான். அந்தப் போர்வை குளிர்வதே இல்லை புஷ்பம். ஏலத்தில் அன்று எவ்வளவு பெருமையாக இருந்ததோ, அதைவிட எனக்கு இப்போதுதான் பெருமையாக இருந்தது.

தளவாய் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பையன். திருநெல்வேலிப் பக்கம். உன்னைப் போலவே பேசுகிறான். எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தான். நான், இந்தப் பக்கம் வந்தேன், போர்வை எப்படி உழைக்கிறது என்று பார்க்க வந்தேன் என்று மட்டும்தான் சொன்னேன். மாரி வாயை மூடுவானா? பை மாறியது, நீ அழுதது, நீ கோபித்துக்கொண்டு மலை ஏறியது வரைக்கும் சொல்லிவிட்டான். நான் அவன் காலை மிதித்தேன். அவன் காலை நகர்த்திக்கொண்டு சொன்னான்.

தளவாய் உடனே போர்வையை மடித்தான். "தாத்தா, எடுத்துட்டுப் போங்க. பேரப்பிள்ளைக்கு உள்ளதுல்லா" என்றான். நான் கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன். உங்க ஆச்சி என்னை வீட்டில் சேர்க்கமாட்டாள், தொடமாட்டேன் என்றேன். அவன் மடிப்பைத் திரும்ப விரித்தான். போர்வையின் ஒரு ஓரம் ஏற்கெனவே பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. யாருடைய கால் விரலோ மாட்டி இழுத்திருக்கிறது. நீ அடையாளத்துக்கு நீல இழை சேர்த்துப் பின்னின பக்கம், ஜெர்சி கையுறைப் பக்கம். "இது எப்படியும் பிரியுது. பிரியறத மட்டும் கொண்டுட்டுப் போங்க. எங்களுக்கு மீதி போதும்" என்று சொல்லிக்கொண்டே அவனே நூலை இழுத்தான்.

கடைசியாகப் பின்னினதுதான் முதலில் பிரியும் என்று உன் பக்கத்தில் உட்கார்ந்த எனக்குத் தெரியும். அவன் இழுக்க இழுக்க நான் உருண்டை சுற்றினேன். நீல இழை முடிந்ததும் நிறுத்தச் சொல்லி, பிரியாதபடி முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். போர்வை ஒரு முழம் குறைந்தது. அந்தப் பையன்களுக்குக் கால் கொஞ்சம் வெளியே வரும். நூல் முழுவதும் அலை அலையாக நெளிந்திருந்தது. பிரித்த பிறகும் அதற்கு அலை மறக்கவில்லை.

வெறுங்கையோடு வாங்கிவரவில்லை. ஏலத்துக்கென்று நீ வைத்த பூசணிக்காய், உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன், இன்னும் கல் மாதிரி இருந்தது. அதை ஆட்டோவில் எடுத்துப்போயிருந்தேன். உன் சீட்டோடு கொடுத்தேன். தளவாய் 'ஏலத்துக்கு' என்று படித்துவிட்டுச் சிரித்தான். அன்றைக்கு அவனுக்குப் போகவேண்டியது இன்றைக்குப் போய்ச் சேர்ந்தது. நான் செய்தது சரியா, தப்பா? நீதான் சொல்லவேண்டும்.

கிளம்பும்போது நாலு பேரும் தங்கள் பழைய கையுறைகளை ஒரு பை நிறையக் கொடுத்தார்கள். அண்டா அடுப்பில் இருக்கிறது. வீடெல்லாம் அந்த வாசனை.

லாசர்


குன்னூர்
20.3.2025

ஜெர்சி அப்பாவுக்கு,

ஃபிரடி போனில் சொல்லியிருப்பார். பெண் பிள்ளை. சுகப்பிரசவம். உங்கள் காது. பாவம்.

போனில் நீங்கள் "புஷ்பம் இருக்காளா" என்று கேட்டது எனக்குக் கேட்டது. பக்கத்தில்தான் நின்றேன். பிள்ளையை வைத்திருந்ததால் கை காலியில்லை. அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தை ஜெர்சி வாங்கிப் படித்தாள். தன் கையுறை அதில் இருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரியும். முதல் நாள் வேலையில் கையுறை பெரிதாக இருந்து நழுவிக்கொண்டே இருந்ததாம், கம்பெனி பஸ்ஸில் வரும்போது அழுதுகொண்டே வந்தாளாம். வீட்டில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறாள். நாம் அன்று அவளுக்குப் பாயசம் வைத்துக் கொண்டாடினோம். சிரித்துக்கொண்டே குடித்தாளே, ஞாபகம் இருக்கிறதா?

நீங்கள் செய்தது சரியா தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். போர்வையைக் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மாரியைக் கூட்டிக்கொண்டு போனதே கேட்டமாதிரிதான். ஆனால் பூசணிக்காய் கொடுத்துவிட்டீர்கள். அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

நூலைத் தபாலில் அனுப்புங்கள். நான் போட்டுக்கொள்கிறேன். மே மாதம் நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம்.

அன்னபுஷ்பம்


சேரப்பணஞ்சேரி
29.3.2025

புஷ்பத்துக்கு,

நூலை அனுப்பவில்லை. நான் போட ஆரம்பித்துவிட்டேன்.

சிரிக்காதே. இத்தனை வருஷம் உன் கையைப் பார்த்திருக்கிறேன். சங்கிலி போடத் தெரிகிறது, கண்ணி போடத் தெரிகிறது. உன் பெட்டியிலிருந்து ஊசியை எடுத்தேன், அதற்கு மட்டும் திட்டிக்கொள். பேனா பிடித்துப் பழகின பிறகு ஊசி பிடிப்பது எளிதாக இருக்கிறது. இரண்டுக்கும் அதே மூன்று விரல்தான். வகுப்புக்குக் கொண்டுபோகிறேன். பெண்களெல்லாம் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். டீச்சர் மட்டும், "நீங்க பாடம் எழுதின அழகுக்கு இதுவே தேவலை" என்றார்.

ஆனால் ஒரு கஷ்டம். அலை வருகிறது, போர்வை வரவில்லை. வரிக்கு வரி அகலமாகிக்கொண்டே போகிறது. மடியில் வைத்தால் விசிறி மாதிரி விரிகிறது. நேற்று பாயில் போட்டுப் பார்த்தேன், பெரிய முறுக்கு மாதிரி சுருண்டு எழுந்து நிற்கிறது. உன்னுடையது பலகைபோல் கிடக்குமே. எனக்கு மட்டும் ஏன்?

ஜெர்சி நூலில்தான் ஆரம்பித்தேன். அது வீணாகுமோ என்று பயமாக இருக்கிறது. நிறுத்திவைத்திருக்கிறேன். நீ எழுதினால்தான் மேலே போவேன்.

பிள்ளைக்கு என் காது என்று எழுதினாயே. கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.

லாசர்


குன்னூர்
7.4.2025

ஜெர்சி அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள். அவசரம் வேண்டாம்.

அலை என்றால் ஏறவேண்டும், இறங்கவேண்டும். உச்சிக்கு வந்ததும் ஒரே கண்ணியில் மூன்று போடுகிறீர்கள். சரி. அதனால் அந்த இடத்தில் இரண்டு கண்ணி கூடிவிடும். கூடியதைக் கழிக்கவேண்டும். பள்ளத்துக்கு வந்ததும் மூன்று கண்ணியையும் ஊசியில் சேர்த்துப் பிடித்து ஒன்றாக மூடுங்கள். இரண்டு குறைந்துவிடும். உச்சியில் கூடியது பள்ளத்தில் போகும், அகலம் அப்படியே நிற்கும். நீங்கள் உச்சியை மட்டும் போட்டிருக்கிறீர்கள். பள்ளமே போடவில்லை. நான் போடும்போது உச்சியைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்கள்.

எல்லாவற்றையும் பிரியுங்கள். ஜெர்சி நூல் வீணாகாது. நனைத்து, இரண்டு நாற்காலியை முதுகோடு முதுகு தள்ளி வைத்து, அதில் இறுக்கிச் சுற்றிக் காயவிடுங்கள். நெளிவு போகும். அலையை நூல் வைத்திருக்கக் கூடாது, கைதான் வைத்திருக்கவேண்டும்.

இதை எழுதும்போது எனக்கு ஒன்று தோன்றியது. உங்களுக்கு நான் எதையும் எழுதிச் சொன்னதே இல்லை. கடைக்கு அனுப்பினாலும் மூன்று தடவை வாயால் சொல்லி அனுப்புவேன், நீங்கள் இரண்டை வாங்கி வருவீர்கள், மூன்றாவதற்குச் சண்டை. அன்றைக்கு மட்டும் ஏன் பையில் சீட்டு எழுதிக் குத்தினேன் என்று தெரியவில்லை. பாட்டுக்காரர்களோடு சீக்கிரம் போகவேண்டியிருந்தது. கூட்டத்தில் எல்லாப் பையும் ஒரே மாதிரி இருக்குமே என்று அப்பாவுவுக்காக எழுதினேன். உங்களை நினைத்து எழுதவில்லை.

பிள்ளைக்கு லிடியா என்று பெயர் வைக்கப்போகிறார்கள்.

புஷ்பம்


சேரப்பணஞ்சேரி
21.4.2025

லிடியா ஆச்சிக்கு,

பிரித்தேன். நனைத்தேன். நாற்காலியில் சுற்றினேன். மாரி வந்து பார்த்துவிட்டு, வீட்டில் கரண்ட் வேலை நடக்கிறதா என்று கேட்டான்.

உன் கடிதத்தை ஜன்னல் கம்பியில் செருகிவைத்துக்கொண்டு போடுகிறேன். ஒரு வரி படிப்பது, ஒரு அலை போடுவது. பள்ளத்தில் மூன்றைச் சேர்த்து மூடும்போது ஊசி நழுவுகிறது. நழுவினால் உன் வரியை மறுபடி படிக்கிறேன். இப்போது பாயில் போட்டால் படுத்துக்கொள்கிறது. வெள்ளை ஒன்று, சாம்பல் ஒன்று. தளவாய் ரூம் நூல் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது. எவ்வளவு அவித்தாலும் போகவில்லை. இருக்கட்டும்.

ஒரு இடத்தில் உன் எழுத்து லேசாகக் கலைந்திருந்தது. 'உங்களை நினைத்து எழுதவில்லை' என்ற இடத்தில். குன்னூரில் மழையா?

ஈஸ்டர் ஆராதனையில் நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடினேன். மனப்பாடமாகப் பாடும்போது நான்தான் முன்னால் போவேன். படித்துப் பாடியதில் எல்லோருக்கும் பின்னால் வந்தேன். எல்லோரும் ஆமென் சொன்ன பிறகும் எனக்கு இரண்டு வரி பாக்கி இருந்தது. பாடி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

லாசர்


குன்னூர்
26.4.2025

ஜெர்சி அப்பாவுக்கு,

இங்கே மழை இல்லை.

எவ்வளவு நீளம் வந்திருக்கிறதோ அவ்வளவோடு முடித்துக் கொண்டுவாருங்கள். பிள்ளை சின்னதுதான். இங்கேயிருந்து நீங்க போட்டுச் சேர்க்கிறீங்களாம்மா என்று ஜெர்சி கேட்டாள், வேண்டாம் என்றேன். இதில் என் கை வேண்டாம். உங்கள் கையும் அந்தப் பையன்கள் கையும் ஜெர்சி கையும் இருக்கட்டும்.

தனியாக வரவேண்டியிருக்கும். ஃபிரடிக்கு லீவு இல்லை. தாம்பரத்தில் ரயில் ஏறிக் கோயம்புத்தூர், அங்கிருந்து பஸ்ஸில் மேட்டுப்பாளையம், பிறகு குன்னூர். போர்டைப் பார்த்து ஏறுங்கள். ஏரி எதையும் சுற்றிப் பார்க்க வேண்டாம்.

ஞானஸ்நானம் முடிந்ததும் நானும் உங்களோடு ஊருக்கு வருகிறேன். ஜெர்சியின் மாமியார் வந்து பார்த்துக்கொள்கிறார்.

புஷ்பம்


சேரப்பணஞ்சேரி
30.4.2025

புஷ்பத்துக்கு,

இந்தக் கடிதம் வருவதற்கு முன் நான் வந்துவிடுவேன் என்று டீச்சர் சொல்கிறார். பரவாயில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை. நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.

போர்வை முடிந்தது. அகலம் சரி, நீளம் குறைவு. பெரிய ஆளுக்கு முழங்கால்வரை வரும். லிடியாவுக்கு நடக்கிற வயதுவரை போதும். ஜெர்சி நூலில் ஆரம்பித்ததால் நீல இழை ஒரு ஓரத்தில் இருக்கிறது. அந்த ஓரம் முகத்துக்கு. இரண்டு இடத்தில் பள்ளம் கொஞ்சம் ஆழமாக விழுந்துவிட்டது. நீ கண்டுபிடிப்பாய். சொல்லாதே.

நேற்று தளவாய் பஸ் ஏறி இங்கே வந்தான். பூசணிக்காயைச் சாம்பார் வைத்தார்களாம், நாலு நாள் ஓடியதாம். புதுப் போர்வையை விரித்துக் காட்டினேன். ஒரு முனையை அவன் பிடித்தான், மறுமுனையை நான் பிடித்தேன். யாரும் ஏலம் கேட்கவில்லை.

ஒரு விஷயம். நீ ஊருக்கு வருகிறாய் என்று படித்ததும் சந்தோஷத்தில் அண்டாவைக் கவிழ்த்துவிட்டேன். அப்புறம் யோசித்தால் ஒரு வருத்தமும் வருகிறது. நீ வந்துவிட்டால் எனக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், நீ இப்படியெல்லாம் யோசிப்பாய் என்று எனக்குத் தெரியாது. வந்தபிறகு, சமையல்கட்டிலிருந்து கூடத்துக்காவது எப்போதாவது ஒன்று எழுது. நான் ஓடிவந்து வாங்கிக்கொள்கிறேன்.

பையைக் கட்டிவிட்டேன். போர்வையை மடித்து உள்ளே வைத்து, ஒரு சீட்டு எழுதி ஊசி குத்தியிருக்கிறேன். 'லிடியாவுக்கு. ஏலத்துக்கு இல்லை.' ரயிலில் யாராவது பார்த்தாலும் தெரியவேண்டும் அல்லவா?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. முன்பெல்லாம் ஜெர்சி எனக்காகப் போனில் ஆளுக்கு ஒரு படம் வைத்துக் கொடுத்திருந்தாள், உனக்கு ரோஜாப்பூ. வகுப்பில் சேர்ந்த பிறகு படங்களை எடுத்துவிட்டுப் பெயரை எழுதச் சொல்லிவிட்டேன். போனைக் கையில் எடுத்து எழுத்துக்கூட்டினேன். அன், ன, புஷ். நீளமான பெயர் உன்னுடையது. நான் 'பம்' வரைக்கும் வருவதற்குள் அடித்து நின்றுவிட்டது.

மறுபடியும் அடிக்கிறது. இந்தத் தடவை படிக்காமல் எடுக்கிறேன்.